கை வாய்க்குப் போகும் அந்த இரண்டு நொடி: நகம் கடிப்பதற்கு ஹிப்னோதெரபி

நகம் கடிப்பவரிடம் "கடிக்காதே" என்று சொல்லிப் பயனில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். பயனில்லாததற்குக் காரணம் பிடிவாதம் அல்ல. கடிக்கத் தொடங்கும் நேரத்தில் அவருக்கே அது தெரிவதில்லை. மடியில் இருந்த கை உதட்டைத் தொடும்வரை நடக்கும் எதையும் அவர் யோசித்துச் செய்வதில்லை. பல்லில் 'டக்' என்று சத்தம் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. அதற்குள் நகம் போய்விடும்.

ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாஸிஸ் நிலையில் மனதுக்குச் சொல்லிப் பழக்கும் சிகிச்சை, இந்தப் பழக்கத்தில் ஏதாவது செய்கிறது என்றால், அந்த இரண்டு நொடியில்தான் செய்கிறது. கை கிளம்பியதை மனம் கவனிக்க வேண்டும். கவனித்ததும் கைக்குப் போக வேறோர் இடம் இருக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆழ்மனதில் புதைந்துகிடக்கும் காரணத்தைத் தோண்டியெடுத்து ஒரே அமர்வில் வேரோடு பிடுங்கிவிடுகிறோம் என்று வரும் விளம்பரங்களைத் தள்ளிவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரு ரகசியக் காரணமே இருக்காது. சின்ன வயதில் எப்படியோ தொடங்கியது, கை பழகிவிட்டது, அவ்வளவே.

முதலில் பழக்கத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை கடிப்பது ஒரே செயல் மாதிரித் தெரிந்தாலும் அதற்குள் ஐந்தாறு படிகள் உண்டு. கட்டைவிரல் மற்ற விரல்களின் நுனியைத் தடவி, எங்காவது பிசிறு தட்டுகிறதா என்று தேடும். தட்டினால் அங்கேயே சுற்றிச்சுற்றி வரும். அப்புறம் முழங்கை மடங்கும், கை எழும்பும். விரல் உதட்டில் பட்டு ஒரு கணம் நிற்கும். பல் அந்தப் பிசிறைச் சோதித்துப் பார்க்கும். பிறகு கடி, இழுப்பு. இழுத்ததில் புதிதாக ஒரு பிசிறு உண்டாகும். கட்டைவிரலுக்கு அடுத்த வேலை தயார். இந்தச் சங்கிலியில் முன்னால் இருக்கும் படிகளை உடைப்பது எளிது, பின்னால் போகப்போகக் கடினம். பல் நகத்தில் பட்டுவிட்டால், கடித்து முடித்ததும் வரும் அந்தச் சின்னத் திருப்தி கையை விடாது.

அடுத்து, எந்த வகைக் கடி என்று தெரிய வேண்டும். படிக்கும்போது, திரை பார்க்கும்போது, எதையாவது யோசிக்கும்போது தன்னை அறியாமல் கடிப்பது ஒரு வகை. பதற்றம், எரிச்சல், காத்திருப்பு இவற்றில் தெரிந்தே கடிப்பதும், பிசிறு பொறுக்காமல் அதைச் சரிசெய்வதாக நினைத்துக் கடிப்பதும் இன்னொரு வகை. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். முதல் வகைக்குக் கொடுக்கும் வாசகமும் (ஹிப்னாஸிஸில் மனதுக்குச் சொல்லும் வரிகள்) இரண்டாவதற்குக் கொடுப்பதும் ஒன்றல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேடு, முடி பிடுங்குவதும் தோலைக் கிள்ளுவதும் இருக்கும் அதே பிரிவில்தான் நகம் கடிப்பதையும் சேர்த்திருக்கிறது. சும்மா கெட்ட வழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி சிலருக்கு இது முற்றிப்போவது உண்டு.

ஹிப்னோதெரபிக்கு முன் ஒரு வாரம்

இந்த ஒரு வாரத்தைத் தவிர்த்துவிட்டு நேராக நாற்காலியில் சாய்பவர்கள்தான் அதிகம். பலன் இல்லை என்று பிறகு சொல்பவர்களிலும் அவர்களே அதிகம்.

கைபேசியிலோ சின்ன நோட்டிலோ ஒவ்வொரு கடியையும் குறிக்க வேண்டும்: நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, எந்த விரல், கடிக்கும் முன் பிசிறு தட்டியதா அல்லது மனதில் ஏதாவது ஓடியதா. எல்லாமே ஓரிரு சொற்களில் போதும். தவறவிட்டதற்காக வருந்த வேண்டாம். பிடிபட்டதை எழுதினால் சரி. நாலாம் நாளிலேயே வடிவம் தெரியத் தொடங்கும். பொதுவாக இரண்டு மூன்று சூழல்கள்தான் கடியில் பெரும்பங்கை ஏற்கும். விரல்களிலும் அப்படித்தான்; ஒன்றிரண்டு விரல்கள் அதிகம் அடிபட்டிருக்கும். இந்த விவரங்கள் எல்லாம் பின்னால் வாசகத்துக்குள் அப்படியே போக வேண்டியவை.

முதல் நாள் பத்து விரல்களையும் படம் எடுத்து வையுங்கள். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், அதாவது ஒரு நாளைக்கு 0.1 மில்லிமீட்டர் வளரும். ஒரு வாரம் கடிக்காமல் இருந்தாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வளர்ந்திருக்காது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றும் நடக்கவில்லை என்று அலுத்துப்போகாமல் இருக்கப் படம் உதவும். ஒவ்வொரு வாரமும் அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் எடுக்க வேண்டும். நகம் அடியிலிருந்து நுனிவரை முழுதாகப் புதிதாக வளர 4 முதல் 6 மாதம் ஆகும்.

ஒரு நக அரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று போதாது, மூன்று வேண்டும்: மேசையில் ஒன்று, பையில் ஒன்று, படுக்கைக்கு அருகில் ஒன்று. மெல்லிய பொடி கொண்ட அட்டை அரமாக இருக்கட்டும். உலோக அரம் சிலருக்குக் கரகரப்பான புதுப் பிசிறை விட்டுப்போகும். ஒரு பக்கமாக மட்டும் தேய்க்க வேண்டும், முன்னும் பின்னும் அறுப்பதுபோல் தேய்த்தால் நுனி பிளக்கும். நகத்தைச் சுற்றிய தோலில் இரவில் எண்ணெயோ வாசலினோ தடவினால் தோல் உரிந்து நிற்பது குறையும். பிசிறு இல்லாத விரலில் கட்டைவிரலின் தேடல் வெறுமையாக முடியும். இது ஹிப்னோதெரபி இல்லைதான். ஆனால் இதைச் செய்யாமல் மனதுக்கு மட்டும் வாசகம் சொல்வது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது.

விரல் சிவந்து வீங்கி, தொட்டால் வலித்து, நகக்கண் ஓரத்தில் சீழ் கட்டியிருந்தால் அது நகச்சுத்தி. முதலில் மருத்துவரைப் பாருங்கள். நீர் கோத்த சின்னச்சின்னக் கொப்புளங்கள் கொத்தாக இருந்தால் ஹெர்பிஸ் கிருமியாக இருக்கலாம், ஊசியால் குத்தக் கூடாது. நகத்தைச் சுற்றி மரு இருந்தால், கடிக்கும்போது அது ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்கும் உதட்டுக்கும் பரவும். குழந்தைகளுக்கு அடிக்கடி ஆசனவாயில் அரிப்பு வருகிறதென்றால் நூல்புழு இருக்கலாம். நக இடுக்கில் ஒட்டும் முட்டை கடிக்கும்போது வாய்க்குள் போய் மறுபடியும் சுற்று தொடங்கும்.

ஹிப்னாஸிஸ் என்றால் என்ன நடக்கிறது

தூக்கம் இல்லை, மயக்கம் இல்லை, இன்னொருவரின் வசத்தில் போவதும் இல்லை. கவனம் ஒரே இடத்தில் குவிந்து, சுற்றியிருப்பவை பின்னால் போய், சொல்லப்படும் கற்பனையோடு உடல் ஒத்துழைக்கும் நிலை. வெளியே வண்டி போகும் சத்தம் கேட்கும். மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளலாம். எழுந்து போக நினைத்தால் போகலாம். முதல்முறை செய்பவர்களில் பலர் "எல்லாமே கேட்டுதே, நான் உள்ளே போகவே இல்லையே" என்பார்கள். போயிருக்கிறார்கள், இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, அதுதான்.

எல்லோரும் ஒரே அளவில் இதற்கு இசைவதில்லை. இதை அளக்க வைட்ஸன்ஹோஃபர், ஹில்கார்டு என்ற உளவியலாளர்கள் இருவரும் 1959-இல் ஸ்டான்ஃபோர்டு அளவுகோலை உருவாக்கினார்கள். கண் தானாக மூடுவது, நீட்டிய கை தாழ்வது, பிணைத்த விரல்களைப் பிரிக்க முடியாமல் போவது என்று 12 சோதனைகள் அதில் உண்டு. சுமார் 10-லிருந்து 15 சதவீதம் பேர் மிக எளிதில் ஆழமாகப் போகிறவர்கள். ஏறக்குறைய அதே அளவினர் பெரிதாக எதையும் உணராதவர்கள். மற்ற எல்லோரும் நடுவில். நகம் கடிப்பதை நிறுத்த இந்த நடுத்தர அளவு இசைவே போதும். மிகவும் குறைவாக இசைகிறவர்களுக்கு ஹிப்னாஸிஸை வற்புறுத்துவதைவிடக் கீழே சொல்லியிருக்கும் கைப்பயிற்சியை விழித்த நிலையிலேயே செய்யச் சொல்வது நல்லது.

நகம் கடிப்பதற்கு ஹிப்னாஸிஸ் பற்றி நடந்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு, அளவிலும் சிறியவை. ஆகவே இதைத் தனி மருந்தாக நிறுத்தாமல், ஆதாரம் வலுவாக உள்ள பழக்க மாற்றுப் பயிற்சியோடு பிணைத்துச் செய்வதே சரி என்பது என் கருத்து. 1973-இல் அஸ்ரின், நன் என்ற உளவியலாளர்கள் இருவரும் முன்வைத்த முறை அது: பழக்கம் தலைதூக்கும்போது அதோடு ஒத்துப்போகாத வேறொரு செயலை ஒன்று முதல் மூன்று நிமிடம் செய்வது. உதாரணமாக, கையை மூடி இறுக்குவது. ஹிப்னாஸிஸ் இந்த மாற்றுச் செயலை உள்ளே நிறைய தடவை ஒத்திகை பார்க்க இடம் கொடுக்கிறது.

தூக்கத்தில் கேட்டால் போதுமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1942-இல் லாரன்ஸ் லெஷான் என்ற அமெரிக்க உளவியலாளர், கோடை முகாம் ஒன்றில் நகம் கடிக்கும் சிறுவர்கள் தூங்கும்போது "என் நகங்கள் பயங்கரமாகக் கசக்கின்றன" என்ற ஒரே வரியை இரவுக்கு 300 முறை, 54 இரவுகள் ஒலிக்கவிட்டார். இசைத்தட்டுக் கருவி நடுவில் பழுதானதும், இருட்டில் நின்று அவரே சொன்னாராம். முடிவில் 40 சதவீதம் பேர் கடிப்பதை விட்டிருந்தார்கள். ஆனால் பையன்கள் அப்போது உண்மையில் தூங்கினார்களா என்று அவர் மூளை அலைகளை அளந்து பார்க்கவில்லை. 1950-களில் சைமன், எம்மன்ஸ் என்ற ஆய்வாளர்கள் அப்படி அளந்து பார்த்தபோது, நிஜமான தூக்கத்தில் சொல்லப்பட்டது நினைவில் நிற்கவில்லை. எனவே இரவு முழுக்க ஒலிப்பதிவை ஓடவிட்டுத் தூங்குவதில் ஒன்றும் கிடைக்காது. கேட்பவர் விழித்திருக்க வேண்டும்.

அமர்வு எப்படிப் போகும்

நிபுணரிடம் போனால் முதல் அமர்வு 60 முதல் 90 நிமிடம் எடுக்கும். அதில் பாதிக்கு மேல் பேச்சுதான்: நோட்டைப் பார்ப்பது, சூழல்களைக் கேட்பது, எந்த மாற்றுச் செயல் என்று முடிவுசெய்வது. கேள்வியே கேட்காமல் ஐந்தாம் நிமிடத்தில் கண்ணை மூடச் சொல்பவரிடம் இரண்டாம் முறை போக வேண்டாம். அடுத்தடுத்த அமர்வுகள் 45 முதல் 60 நிமிடம். வாரம் ஒன்றாக மூன்று முதல் ஆறு அமர்வு என்பது வழக்கமான கணக்கு.

உள்ளே போகப் பல வழிகள் இருக்கின்றன. கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்துவது பழைய வழி. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1840-களில், தன் அறுவைக் கத்தி வைக்கும் பெட்டியைக் கண்ணிலிருந்து 8 முதல் 15 அங்குல தூரத்தில், நெற்றிக்கு மேலாகப் பிடித்து அதையே பார்க்கச் சொன்னார். பார்வை மேல்நோக்கி நிற்கும்போது இமை சீக்கிரம் களைக்கும், அதைச் சாக்காக வைத்து மூடச் சொல்லலாம். இன்னொரு வழி, பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வொரு பகுதியாகத் தளர்த்துவது. நகம் கடிப்பவர்களுக்கு இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். ஆனால் தளர்த்தும்போது தோள், தாடை, கை, விரல் இவற்றில் அதிக நேரம் நிற்க வேண்டும். தாடை தளர்ந்தால் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் கொஞ்சம் இடைவெளியில் இருக்கும். அந்த இடைவெளி பின்னால் வேலைக்கு வரும்.

பிறகு ஆழப்படுத்துவது. பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணுவது, படி இறங்குவது எல்லாம் இதற்குத்தான். அதன்பின் வாசகம், ஒத்திகை, வெளியே வருவது. வெளியே வரும்போது ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணி, கை கால் நீட்டி, கண் திறந்து, ஓரிரு நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை அவசரப்படுத்தினால் தலை கனமாக, மந்தமாக இருக்கும்.

மாற்றுச் செயலைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பல இடங்களில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டமாக வைக்கச் சொல்வார்கள். மற்ற பிரச்சினைகளுக்கு அது சரி. நகம் கடிப்பவருக்கு வேண்டாம். கட்டைவிரல் விரல்நுனியைத் தொடுவதே அவருடைய சங்கிலியின் முதல் கண்ணி. தொட்டதும் பிசிறைத் தேடத் தொடங்கிவிடும். பதிலாக, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரலாலும் மூடிக்கொள்வது நல்லது. யார் கண்ணிலும் படாது, ஒரு நிமிடம் வைத்திருக்க முடியும், அந்தக் கையால் கடிக்கவும் முடியாது. இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பறவைக்குஞ்சைப் பிடிப்பதுபோல் என்று சில நிபுணர்கள் சொல்வார்கள், அந்த அளவு போதும்.

வாசகம்

எல்லாம் இங்கேதான் கெட்டுப்போகிறது அல்லது நன்றாக வருகிறது.

"நான் நகம் கடிக்க மாட்டேன்" என்பது எல்லோரும் முதலில் எழுதும் வரி. தமிழில் இந்த வரிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: மறுப்பு கடைசியில் வருகிறது. 'நகம்', 'கடிக்க' என்று கேட்டு முடிக்கும்போதே மனதில் படம் வந்துவிடும். 'மாட்டேன்' வந்து அதை அழிக்க வேண்டியிருக்கிறது. நாளுக்கு ஐம்பது முறை சொன்னால் ஐம்பது முறை கடித்துப் பார்த்தாயிற்று. ஆகவே வாசகத்தில் 'கடி' என்ற வினையே வரக் கூடாது. கை என்ன செய்யும், எங்கே போகும், எப்படி உணரும் என்று மட்டுமே சொல்ல வேண்டும்.

எதிர்காலமும் உதவாது. "நிறுத்திவிடுவேன்" என்றால் நாளைக்கு என்று பொருள், நாளை எப்போதும் நாளைதான். நடந்துகொண்டிருப்பதுபோல் சொல்ல வேண்டும். "என் நகங்கள் நீளமாக, அழகாக இருக்கின்றன" என்று முதல் நாளே சொல்வதும் தப்பு. கையைப் பார்த்தால் பொய் என்று தெரியும், அதன்பிறகு மற்ற வரிகளையும் மனம் நம்பாது. "அடியிலிருந்து புது நகம் வளர்ந்துகிட்டிருக்கு" என்பது உண்மை. அதைச் சொல்லலாம்.

பேச்சுத் தமிழில் எழுதுங்கள். தன்னோடு தானே எந்தத் தமிழில் பேசிக்கொள்கிறாரோ அந்தத் தமிழில். "எனது கரம் மேலெழுகிறது" என்று கேட்டால் யாரோ செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். நிபுணர் இல்லாமல், தன் குரலில் பதிவுசெய்து கேட்பவர் 'நான்' என்று சொல்லலாம். நிபுணர் சொல்லும்போது 'நீங்கள்' என்பதுதான் இயல்பு. நடுவில் மாற்றக் கூடாது.

தன்னை அறியாமல் கடிக்கும் வகைக்கு, தன் குரலில் பதிவுசெய்ய இப்படி ஒரு வாசகம்:

"கை கிளம்புது... முழங்கை மடங்குது... அது எனக்குத் தெரியுது. தெரிஞ்ச உடனே கை நிக்குது. அப்படியே நிக்குது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ள போகுது... நாலு விரலும் அதை மெதுவா மூடுது. மூச்சு உள்ள வருது... நீளமா வெளிய போகுது. தோள் இறங்குது. தாடை தளருது... மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு. கை கனமா இருக்கு... தானா மடிக்குத் திரும்புது. மடியில உக்காந்துருச்சு. வேலை தொடருது."

இதை நான்கைந்து முறை திரும்பச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதிய ஒரு சூழலில் வைத்து: ஒருமுறை திரைக்கு முன், ஒருமுறை வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது, ஒருமுறை போன் பேசும்போது. இடது கைக்குத் தனியாக, வலது கைக்குத் தனியாக. ஒரு கையை மட்டும் சொன்னால் மற்றக் கை வேலையை எடுத்துக்கொள்ளும், உண்மையிலேயே நடக்கிறது. ஒத்திகையின்போது கையை நிஜமாகவே மார்புவரை தூக்கி, நிறுத்தி, மூடி, இறக்கினால் நல்லது. வெறும் படத்தைவிடத் தசை செய்த நினைவு நிற்கும்.

பிசிறு பொறுக்காமல் கடிப்பவருக்கு வேறு வரி: "விரல்நுனியில ஏதோ தட்டுது... கண் அதைப் பாக்குது... கை அரத்தை எடுக்குது... ஒரே பக்கமா ரெண்டு தேய்ப்பு... வழவழன்னு ஆயிடுச்சு." பதற்றத்தில் கடிப்பவருக்கு மூச்சுப் பகுதியை நீட்ட வேண்டும், உள்ளே 4 எண்ணிக்கை, வெளியே 6 எண்ணிக்கை, ஐந்தாறு சுற்று.

நகம் கசக்கிறது, அருவருப்பாக இருக்கிறது என்ற வாசகத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கசப்பு வர வேண்டுமானால் விரல் வாய்க்குள் போயிருக்க வேண்டும், அதற்குள் சங்கிலி முக்கால்வாசி முடிந்துவிட்டது. அதோடு, ஏற்கெனவே தன் விரலைக் கண்டு கூசி மறைத்துக்கொள்பவருக்கு அருவருப்பை இன்னும் கூட்டுவது நல்லதல்ல. கசப்புதான் வேண்டும் என்றால் டெனட்டோனியம் பென்ஸோயேட் சேர்த்த பூச்சு கடையில் கிடைக்கிறது, அதைப் பூசிக்கொள்ளலாம்.

பதிவும் பயிற்சியும்

தன் குரலில் செய்துகொள்ளும் பதிவு மொத்தம் 14, 15 நிமிடம் இருந்தால் போதும். உட்கார்ந்து செட்டில் ஆக 1 நிமிடம், தளர்த்த 4, ஆழப்படுத்த 2, வாசகமும் ஒத்திகையும் 6, வெளியே வர 1. சாதாரணப் பேச்சு வேகத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய வேகம். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் 3 நொடி, கையை அசைக்கச் சொல்லும் வரிக்குப் பிறகு 8 நொடி இடைவெளி. பதிவுசெய்தவரையே கேட்டுப்பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் வேகம்தான் குறையாக இருக்கும். பின்னணி இசை வேண்டியதில்லை. வேண்டுமென்றால் பாட்டு வரி இல்லாததாக, குரலைவிட நன்கு தாழ்ந்ததாக இருக்கட்டும்.

கைபேசியில் விமானப் பயன்முறையைப் போடுங்கள். நாற்காலியில் தலை சாயும்படி உட்காருங்கள், படுக்க வேண்டாம். முதல் மூன்று வாரம் நாளுக்கு இருமுறை: ஒன்று காலையில், இன்னொன்று அதிகம் கடிக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால். நோட்டு வைத்திருப்பவருக்கு அந்த நேரம் தெரியும். நாலாம் வாரத்திலிருந்து நாளுக்கு ஒருமுறை, மூன்றாம் மாதத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று. வாகனம் ஓட்டும்போதும் இயந்திரத்தில் வேலை செய்யும்போதும் பதிவைக் கேட்கவே கூடாது.

பகலில், பதிவு இல்லாமல், பத்து முறையாவது வெறுமனே கையை மூடி, ஒரு மூச்சு விட்டு, மடியில் வையுங்கள். கடிக்கத் தோன்றாதபோது. இதைச் செய்யாதவர்களுக்கு அந்தச் செயல் நாற்காலிக்குள்ளேயே நின்றுவிடும். கையை மூடுவது சிலருக்கு எரிச்சலாக இருக்கும். அவர்கள் விரல்நுனிகளையோ உள்ளங்கையையோ முன்கையின் பின்புறத்தையோ மெதுவாகத் தடவலாம். 2023-இல் ஜாமா டெர்மட்டாலஜி என்ற தோல் மருத்துவ இதழில் வந்த ஹாம்பர்க் ஆய்வாளர் ஸ்டெஃபன் மோரிட்ஸ் குழுவின் ஆய்வு இதைச் சோதித்தது. முடி பிடுங்குவது, தோல் கிள்ளுவது, நகம் கடிப்பது போன்ற பழக்கங்கள் உள்ள 268 பேர், ஆறு வாரம். தடவும் முறையைக் கற்றவர்களில் சுமார் 53 சதவீதத்தினரிடம் ஓரளவாவது முன்னேற்றம். ஒப்பிடுவதற்காக, இதைக் கற்காமல் காத்திருக்க வைத்த குழுவில் 20 சதவீதம். விரல்நுனியைத் தடவும்போது நகத்தின் ஓரத்தைத் தொடாமல் சதைப் பக்கத்தை மட்டும் தொட வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான்.

எங்கே சறுக்குகிறது

பதிவின் நடுவில் தூங்கிப்போவது மிகச் சாதாரணம். இரவு படுக்கையில் கேட்டால் நடக்கத்தான் செய்யும். நேரத்தை மாற்றுங்கள், நிமிர்ந்து உட்காருங்கள். அப்படியும் தூக்கம் வந்தால் ஒரு முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றி, முன்கையைச் செங்குத்தாக நிறுத்திக் கேளுங்கள். தூங்கினால் கை விழுந்து எழுப்பிவிடும்.

பழக்கம் இடம் மாறுவது இன்னொன்று. நகத்தை விட்டுவிட்டு நகத்தைச் சுற்றிய தோல், உதடு, கன்னத்தின் உட்பக்கம் என்று பல் போய்ச் சேரும். வாசகத்தில் தாடைத் தளர்ச்சியும் பல் இடைவெளியும் இருக்கக் காரணம் இதுதான். தோலைக் கிள்ளத் தொடங்கினால், அதற்கும் அதே மாற்றுச் செயலோடு தனி ஒத்திகை சேர்க்க வேண்டும்.

மூன்றிலிருந்து ஐந்தாம் வாரம்வரை ஒரு குறிப்பான ஆபத்து உண்டு. அப்போதுதான் நகத்தின் வெள்ளை ஓரம் விரல்நுனியைத் தாண்டி எட்டிப்பார்க்கும். பல வருடமாக இல்லாத ஒன்று. தட்டினால் சத்தம் கேட்கும், துணியில் மாட்டும், கட்டைவிரலுக்குப் புதுப் பொம்மை. நன்றாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் இங்கேதான் ஒரே மாலையில் பத்தையும் முடிப்பார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை அரம் போட்டு ஓரத்தை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விடாமல் வைப்பதும், வாசகத்தில் "நகத்தோட ஓரம் இப்ப புதுசா இருக்கு, அது அங்கயே இருக்கு" என்ற வரியைச் சேர்ப்பதும் இதைக் கடக்க வைக்கும்.

ஒரு நகம் போய்விட்டால் அன்றைக்கே மற்ற ஒன்பதையும் விட்டுக்கொடுப்பது பலரின் வழக்கம். கடித்த நகத்தை அரத்தால் வழவழப்பாக்கி, நோட்டில் எழுதி, கையை ஒருமுறை மூடித் திறந்தால் அந்தச் சங்கதி முடிந்தது. சிலர் மறுநாளே வாசகத்தை மாற்றுவார்கள். இரண்டு வாரத்துக்குள் மாற்ற வேண்டாம். இரண்டு வாரத்துக்குப் பிறகும் கை கிளம்பியதே தெரியவில்லை என்றால் வாசகத்தில் சூழல் விவரம் போதவில்லை. தெரிகிறது, ஆனால் நிற்கவில்லை என்றால் மாற்றுச் செயலில் பயிற்சி போதவில்லை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் "ஹிப்னாஸிஸ் எனக்கு வேலை செய்யாது" என்று முடிவுகட்டுவது அவசரம்.

யார் யார் தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாத குரல் கேட்பது, நிஜத்திலிருந்து விலகிப்போவது போன்ற மனநோய் அறிகுறி உள்ளவர்களும், கடுமையான அதிர்ச்சி அனுபவத்திலிருந்து இன்னும் மீளாதவர்களும் தாமாகப் பதிவு வைத்துச் செய்யக் கூடாது, மனநல மருத்துவரின் துணையோடுதான். வலிப்பு உள்ளவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ரத்தம் வரும்வரை கடிப்பது, நகத்தின் பெரும்பகுதி போய்விடுவது, கூடவே முடியைப் பிடுங்குவது என்று இருந்தால் உளவியல் நிபுணரின் நேரடி மதிப்பீடு வேண்டும்.

நிபுணரைத் தேடும்போது, உளவியல் அல்லது மருத்துவத்தில் அடிப்படைத் தகுதி பெற்று அதன் மேல் ஹிப்னாஸிஸ் கற்றவரா என்று கேளுங்கள். பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் ஹிப்னோதெரபிஸ்ட் என்று பலகை மாட்டிக்கொள்ள முடியும். நகம் கடிப்பதற்காகப் போனவரைச் சின்ன வயதுக்கும் முற்பிறவிக்கும் அழைத்துப் போக முன்வருபவரிடம் இருந்து எழுந்து வந்துவிடலாம். ஹிப்னாஸிஸில் 'மீட்ட' நினைவு தெளிவாகத் தெரியும், ஆனால் நடந்ததாக இருக்க வேண்டியதில்லை. நடக்காததை நடந்ததாக நம்ப வைத்துவிட்டால் பிறகு அதைக் கழற்றுவது நகத்தைவிடப் பெரிய வேலை.

குழந்தைகள் கற்பனைக்குள் எளிதாகப் போவார்கள், ஏழெட்டு வயதிலிருந்து இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் 15 நிமிடம் கண் மூடி உட்காரச் சொல்லக் கூடாது. ஐந்து நிமிடம், கண் திறந்திருந்தாலும் பரவாயில்லை. கை என்பது கூட்டுக்குத் திரும்பும் கிளி, விரல்கள் கூட்டின் கதவு என்று கதையாகச் சொன்னால் அவர்களே மிச்சத்தை முடித்துக்கொள்வார்கள். குழந்தைக்கே நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் பெற்றோருக்கு மட்டும் இருந்தால் தொடங்காதீர்கள். அந்த ஐந்து நிமிடம் முடிந்ததும் நாள் முழுக்க "கை எங்க இருக்கு பார்" என்று கூப்பிட்டுக்கொண்டும் இருக்காதீர்கள். குழந்தையும் பெற்றோரும் மட்டும் அறிந்த ஒரு சைகை, உதாரணமாகப் பெற்றோர் தன் கையை மூடிக் காட்டுவது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் இல்லாமல், அது போதும்.

பதிவை ஆறு மாதம்வரை அழிக்காமல் வைத்திருங்கள். தேர்வு, நேர்காணல், வீடு மாறுவது மாதிரி நெருக்கடி வரும் என்று தெரிந்தால், அதற்கு மூன்று நாள் முன்பே நாளுக்கு ஒருமுறை கேட்கத் தொடங்குங்கள். அரத்தைப் பையிலேயே விட்டுவையுங்கள்.